மாப்பிள்ளையின் இரத்தம்

அன்பு மருமகளுக்கு தாய்மாமாவின் ஸலாம்.

உன் இரண்டாவது பிள்ளையும் வயிற்றிலேயே மௌத்தானதற்கு, உன் மாப்பிள்ளையின் இரத்தத்தையும் சோதிக்கவேண்டும் என்றாராமே மாத்தளை டாக்டர்! நேரில் போய் நான் விட்ட இங்கிலீஷில் மனுஷன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். ஆனாலும் பிடிவாதக்காரன்.

"உங்க மருமகள் ரத்தத்துல இருக்கிற நோய் புருஷன்கிட்ட இருந்து வந்திருக்கும். ரெண்டு பேருக்கும் ஊசி போட்டா அடுத்த பிள்ளை உசிரோட பொறக்கும்" என்றார்.

"எங்கட மாப்பிள்ளை பள்ளிவாசல் டிரஸ்டி, தெரியுமா?" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நீ அழாதே. மாப்பிள்ளைக்கு நாவுல ஊரில் வேறு பெண் பார்த்து, நிக்காஹ்வையும் நானே பேசி முடித்துவிட்டேன். தங்கமான பிள்ளை, பதினேழு வயது. நீயே வந்து அவளுக்கு மருதோன்றி போட்டுவிடு. ஊசிக் கதையை மட்டும் அவளிடம் எடுக்காதே; சின்னப்பிள்ளை, பயந்துவிடும்.

உன் நன்மையையே நினைக்கும்,
மாமா