கன்னி மூலையில் கொட்டிய மண்

அன்புள்ள நவநீதனுக்கு அம்மா எழுதுவது. மஞ்சூரில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி பாப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வாடாமல் இருக்க முருகன் துணை. நலம் விசாரித்தாகிவிட்டது, இனி வருவதெல்லாம் கோபம்தான், தெரிந்தே படி. போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பாய், பக்கத்தில் நின்று உன் அப்பா வேறு குறுக்கே பேசுவார். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நம் புது வீட்டுக்கு எடுத்த மண் பரிசோதனை ரிப்போர்ட்டை அப்பா உனக்கு அனுப்பினார். நீ பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய், ஒரு வார்த்தைகூட இல்லை. போனில் வந்த அந்த விரலை அவர் பேக்கரி, பஸ் ஸ்டாண்ட் என்று ஒரு இடம் விடாமல் காட்டித் திரிகிறார். "எம் பையன் மஸ்கட்ல சைட் இன்ஜினியருங்க, அவனே பாத்து சரின்னுட்டான், அப்பறம் என்னுங்க" என்று பேச்சு. நான் வாயைத் திறந்தால் "பி.காம் படிச்சவ மண்ணுக்கும் பேலன்ஸ் ஷீட் போடறியா" என்று சிரிக்கிறார். அவர் பாசத்தில் மயங்கிக் கிடக்கிறார், அவரை விடு. நீ படித்தவன். இந்த மண்ணை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க உனக்கு வாய் வரவில்லையா?

நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். நம் இடம் தேயிலைக்காடாக இருந்தபோது ரோட்டோரம் உயரமாகவும் ஓடைப்பக்கம் சரிவாகவும் கிடந்தது உனக்கே தெரியும். ரோட்டோரம் வடகிழக்கில் ஈசானிய மூலை உயர்ந்திருக்கக் கூடாது, ஓடைப்பக்கம் தென்மேற்கில் கன்னி மூலை தாழ்ந்திருக்கக் கூடாது என்று வாஸ்துக்காரர் சொன்னதும், ஜேசிபியை விட்டு மேலே வெட்டிய மண்ணை அப்படியே கீழே தள்ளிவிட்டார்கள். மலைச்சரிவில் நின்றுகொண்டு சமவெளிக்குச் சொன்ன சாஸ்திரம். கீழே இருந்த தேயிலைச் செடிகளைக்கூடப் பிடுங்கவில்லை, அவற்றின் தலைமேலேயே கொட்டினார்கள். பிறகு பூமி பூஜைக்கு ஈசானிய மூலையில், அதாவது வெட்டிய பக்கத்தில், ஒரு குழி தோண்டினார்கள். பரிசோதனைக்கு மண் எடுக்க வந்தவர்களும் அந்தக் குழியிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சின்னராஜ் மேஸ்திரி, "இருக்கற குழிய விட்டுப்போட்டு இன்னொண்ணு எதுக்குங்கக்கா? சாமிக்கும் ஆச்சு, டெஸ்ட்டுக்கும் ஆச்சு" என்கிறார். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகச் சிரிப்பு வேறு! மலை கெட்டியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பரிசோதனை வேண்டுமா?

ரிப்போர்ட்டில் ஐந்தடியில் கெட்டி மண் என்று இருப்பதால் எல்லாப் பில்லருக்கும் ஐந்தடிக் குழிதான். நேற்று ஆட்கள் டீக்குப் போன நேரம் பார்த்து நான் கன்னி மூலைக் குழியில் இறங்கினேன். சேலையைச் சொருகிக்கொண்டு கடப்பாரையை ஒரு குத்துக் குத்தினேன், பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, பிடித்து இழுக்க என் பலம் முழுதும் வேண்டியிருந்தது. கிளறிப் பார்த்தால் தேயிலைக் கிளை, இலை கறுத்துப்போய் அப்படியே காம்போடு இருக்கிறது. பழைய தரைக்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்தக் கிளையைக் கொண்டுபோய் உன் அப்பா முன்னால் வைத்தேன். "காட்டுல செடி இல்லாம வாழ மரமா இருக்கும்" என்றுவிட்டு டிவியைப் பார்க்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காங்கிரீட்.

கீழ்ரோட்டில் தெய்வம்மா அக்கா வீட்டைப் போன ஆடி மழைக்குப் பிறகு நீ பார்க்கவில்லை. அதுவும் இப்படிச் சமப்படுத்திக் கட்டியதுதான். சமையலறை மட்டும் தனியாகச் சாய்ந்து, சுவர் விட்ட இடைவெளியில் கை நுழைகிறது. "பகவான் பகல்ல சாச்சான், பொழச்சோம் சுகந்தி" என்று அந்த அக்கா சொன்னது என் காதிலேயே நிற்கிறது. நம் வீட்டில் தண்ணீர்த் தொட்டியையும் கன்னி மூலையில்தான் ஏற்றப் போகிறார்கள், பாரம் அங்கேதான் இருக்க வேண்டுமாம். அதற்கு நேர் கீழே நாங்கள் படுக்கப்போகும் அறை. பாப்பா பிளஸ் ஒன் போயும் இடி இடித்தால் என் பக்கத்தில்தான் வந்து படுக்கிறாள். பரிசோதனைக்கூடத்துக்கு நானே போன் செய்தேன். இடத்துக்காரர் சொன்னால்தான் மறுபடி வருவோம் என்கிறார்கள். இடத்துக்காரர் உன் விரலைக் காட்டுகிறார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. இன்றே அப்பாவைக் கூப்பிடு. அம்மா அழுகிறாள், அவளுக்காகச் செய்யுங்கள் என்று சொல்லிவிடாதே, அதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை. நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது, கன்னி மூலையில் தனியாக மண் எடுங்கள், அதுவரை ஒரு சட்டிக் கலவைகூடப் போடக் கூடாது என்று சொல். மகன் தப்பு என்றால் அவர் ஒத்துக்கொள்வார், பெண்டாட்டி சரி என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். இருபத்தேழு வருஷமாக நான் பார்த்த மனுஷன் அவர்.

நேரத்துக்குச் சாப்பிடு, மோரை நிறையக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. தீர்க்காயுசாக, நாலு பேருக்கு நிழலாக இரு. இவ்வளவு திட்டியும் இதைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. நீ பேசாமல் விட்டாயானால் வெள்ளிக்கிழமை காலை கலவை மெஷின் வரும்போது அந்தக் குழிக்குள் நான் நின்றுகொண்டிருப்பேன். என்னைத் தூக்கி வெளியே விட்டுத்தான் அவர்கள் கொட்ட வேண்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
சுகந்தி