பீர் ஏன் கெட்டுப்போகிறது

வியாழனின் கலிஸ்டோ நிலவு, பனித் தள நிலையம்
பதிவு: செலஸ்டினா, இயந்திரப் பொறுப்பாளர்

நாள் 301, 07:10

காற்றழுத்தம் சரி. பனி உருக்கி சரி. வரப்போகும் கப்பலுக்கான எரிபொருள் பாதிதான் சேர்ந்திருக்கிறது. பீர் மறுபடியும் கெட்டுப்போனது. மேலே வெள்ளை ஆடை, அடியில் கொழகொழப்பு, பழைய காடி வாசனை.

பீர் காய்ச்சுவது திரவியத்தின் வேலை. நிலவியலாளர் என்று பெயர். பாறைகளைவிட பசுமைக்கூடத்து பார்லியைத்தான் ஒழுங்காகக் கவனித்தார். போன மாதம் இருமி இருமி இறந்துபோனார். உடம்பு வெளியே பனியில் இருக்கிறது. இங்கே மிச்சம் நான் ஒருத்தி. பீரை நிறுத்தினால் அவர் போனது உறுதியாகிவிடும் போலிருந்தது, அதனால் நிறுத்தவில்லை. அழுகை வரவில்லை. தொட்டியைக் கழுவினேன்.

நாள் 304, 18:40

தொட்டியின் குழாய்த் திருகைக் கழற்றினேன். உள்ளே வழவழவென்று அழுக்கு. திருடன் அகப்பட்டான் என்று நினைத்தேன். கொதிக்க வைத்து மாட்டினேன். ரப்பர் குழாயைத் தூக்கி எறிந்தேன். பிளாஸ்டிக் வாளியில் கீறல்கள். எஃகுப் பாத்திரத்துக்கு மாறினேன். உறைபெட்டியிலிருந்து புது ஈஸ்ட். இதற்கு மேலும் கெட்டால் அது வேண்டுமென்றே கெடுகிறது என்று அர்த்தம்.

நாள் 311, 06:55

கெட்டுவிட்டது.

ருசி பார்ப்பதில் தவறு இருக்குமோ என்று யோசித்தேன். இருக்காது. எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது தூத்துக்குடியில் அம்மா அடித்துப் பழக்கியது. இங்கே ஈர்ப்பு குறைவு. பீர் ஆடி அசைந்து சாவகாசமாக இறங்கும், பாதி மூக்குக்குள் போகும். இருந்தும் டம்ளரில் உதடு வைத்ததில்லை.

நாள் 312, 11:20

ஆடையில் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சங்கிலி சங்கிலியாக ஒரு கிருமி. எங்கோ பார்த்த ஞாபகம். உறைபெட்டியில் வைத்திருந்த திரவியத்தின் சளி மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே கிருமி.

அவர் எதனால் இறந்தார் என்பது இப்போது தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

கப்பலுக்குத் தகவல் அனுப்பினேன். நான்கு பேர் வருகிறார்கள். கேப்டன் ஜமீலாவின் பதில்:

"செலஸ்டிக்கா, எங்களால திரும்ப முடியாது. உங்க எரிபொருள நம்பித்தான் வந்துகிட்டு இருக்கோம். மீதிய நிரப்பி முடிக்கிற வரைக்கும் ஒரு மாசம் உள்ளதான் தங்கணும். எங்ககிட்ட காத்தும் அங்க வந்து சேர்ற அளவுக்குத்தான் இருக்கு. எப்படியாவது சுத்தம் பண்ணிருங்க."

நாள் 314, 16:00

வெளியே வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, தொட்டியை அவிப்பது போல நிலையம் முழுவதையும் அவித்தேன். எரிபொருள் பகுதி தனி. அதற்கு ஒன்றும் ஆகாது. பசுமைக்கூடம் செத்தது. பார்லி கீரை மசியல் போலக் கிடந்தது.

சூடு இறங்கியதும் உள்ளே வந்தேன். மேசையில் கொதித்த பார்லித் தண்ணீர் ஒரு ஜாடி, சோதனைக்காக மூடாமல். அதைத் தொடவில்லை. பக்கத்தில் சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான்.

நாள் 316, 05:30

ஜாடியில் ஆடை படிந்திருக்கிறது.

சூடு போதாமல் இருக்கலாம். இல்லையென்றால் காரணம் நான். குழாய், வாளி, ஈஸ்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எச்சில் படவில்லை என்ற தைரியத்தில் என்னை மட்டும் விட்டுவிட்டேன். மூச்சு விட்டாலே போதும் என்பது உறைக்கவில்லை. எனக்கு இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாள் 316, 20:15. வண்டியிலிருந்து

கடைசிச் சோதனை. அதே சூட்டில் நிலையத்தை மறுபடி அவித்தாயிற்று. மூன்றாவது முறை அவித்தால் காற்றுக் கருவிகள் தாங்காது. இந்த முறை நான் உள்ளே போகவில்லை. ஜன்னலோரம் மூடி வைத்திருந்த ஜாடியை இயந்திரக் கை திறந்தது. ஆடை படிய இரண்டு நாள் ஆகும். வண்டியில் மூன்று நாளுக்குக் காற்று இருக்கிறது; நிரப்ப வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். கப்பல் வர ஐந்து நாள்.

ஆடை படிந்தால் காரணம் நான் இல்லை, நான் உள்ளே போகலாம். ஆனால் நிலையம் சுத்தமில்லை; அந்த நான்கு பேருக்கும் போக இடமில்லை. படியாவிட்டால் அவர்கள் உள்ளே வரலாம். நான் போகக் கூடாது.

ஜமீலா: "அக்கா, பேசாம உள்ள போங்க. நாங்க முகமூடி போட்டுக்கறோம். ஒரு மாசந்தானே, சமாளிச்சுக்கலாம்."

ஒரே அறையில் ஒரு மாதம் முகமூடியோடு தின்று தூங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

நாள் 317, 19:00

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்னும் தெளிவாக இருக்கிறது.

ஆடை படியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான்கு பேர் சாவார்கள் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன். இந்த வரியை யாரும் அழிக்க வேண்டாம்.

நாள் 318, 22:30

விளக்கடித்துப் பார்த்தேன். வண்டியைச் சுற்றி ஓட்டி மறுபக்கத்து ஜன்னலிலிருந்தும் பார்த்தேன். பொன்னிறத் தண்ணீர். அடிமட்டம் வரை தெரிகிறது. திரவியம் பார்த்திருந்தால் ஈஸ்ட் போட்டிருப்பார்.

கை கால் மரத்துப்போயிருக்கிறது. குளிராக இருக்கலாம். மனசும் அப்படித்தான் இருக்கிறது.

நாள் 319, 03:05

ஜமீலாவுக்கு அனுப்பியது: ஜாடி தெளிவு. நிலையம் சுத்தம். உள்ளே வரலாம். வண்டியைத் தேட வேண்டாம், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறேன். கண்ணில் பட்டாலும் கதவைத் திறக்காதீர்கள்.

பதில் வந்தது. "சரிக்கா."

கொஞ்சம் அடம்பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.