பாடம் ஏறும் வரை

ஃப்ரீமான்ட்
மார்ச் 8, 1998

என்னங்க,

நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் போன் செய்யும்போது நான் "ம்" மட்டும் கொட்டுவதைக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போன தடவை கீமோ ஏற்றியதிலிருந்து வாயெல்லாம் புண். நாக்கு புரளவில்லை. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இனி எழுதுகிறேன்.

சாப்பாடு உள்ளே தங்கவில்லை. எதிர் வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி தினமும் ரசம் கொண்டுவந்து கொடுக்கிறார். குடித்த கையோடு வெளியே வந்துவிடுகிறது. எடை இன்னும் இறங்கினால் மருந்தையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இப்போது எனக்குத் தொளதொள என்று இருக்கிறது. அழகுதான், நீங்கள் பார்க்க வேண்டுமே.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் லிண்டா ஒரு செடி கொடுத்திருக்கிறாள். இந்த மாநிலத்தில் டாக்டர் சிபாரிசு இருந்தால் நோயாளிகள் வளர்த்துக்கொள்ளலாமாம். எனக்கும் சிபாரிசு கிடைத்துவிட்டது. வாந்தி அடங்கிப் பசி எடுக்குமாம். துணி அலமாரியில் உங்கள் கோட்டுகளை ஒதுக்கிவிட்டு, விளக்கு மாட்டி வைத்திருக்கிறேன். நம் ஊரில் அதன் பெயரைச் சொன்னாலே போலீஸ் வரும்.

உங்கள்
மணி


ஜெர்சி சிட்டி
மார்ச் 14, 1998

அன்புள்ள நாகமணிக்கு,

கஞ்சா என்று எழுத உனக்குக் கை வரவில்லை, வளர்க்க மட்டும் வந்துவிட்டதா?

நம் க்ரீன் கார்டு பாதியில் நிற்கிறது. கலிஃபோர்னியா சரியென்று சொன்னாலும் வாஷிங்டன் சொல்லவில்லை. மாட்டினால் இரண்டு பேரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். இந்த வேலையை நான் எதற்காகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்? வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் உன் வைத்தியம் போகும். லீவு கேட்டதற்கே மேனேஜர், "வெல், ப்ராஜெக்ட் முடியட்டும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டான். வெள்ளியங்கிரி என்று முழுப் பெயரைச் சொல்லக்கூடப் பொறுமை இல்லாமல் வெல் என்று சுருக்கியவன் லீவு தரப் போகிறானா?

அதைத் தூக்கிப் போடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்
வெள்ளியங்கிரி


ஃப்ரீமான்ட்
மார்ச் 22, 1998

என்னங்க,

தூக்கிப் போடுகிறேன். என்னை எங்கே போடுவீர்கள்?

நேற்று தண்ணீர்கூடத் தங்கவில்லை. பாத்ரூம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்குமேல் எப்படிச் சொல்வது?

ராஜலக்ஷ்மி ஆன்ட்டி செடியைப் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ, "அட, புளிச்சகீரை! மவ்ரி அவென்யூ கடையில வாடிப்போனதுதான் கிடைக்குது. ஒரு கைப்பிடி குடு மணி, தொக்கு பண்ணித் தர்றேன்" என்கிறார். இலையும் அப்படித்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லித் தப்பித்தேன்.

லிண்டா ஒரு காகிதம் கொடுத்தாள். புதிதாக வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களாம். குளோன் என்றால் என்னமோ என்று பார்த்தால், போத்து வெட்டி நடுவதைத்தான் சொல்கிறார்கள். இலை விட்டு வளரும் பருவத்துக்கு வெஜ் என்று பெயர். நான் சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துவிட்டேன். பூவில்தான் மருந்தாம். ஆண் செடி பக்கத்தில் இருந்தால் பூவெல்லாம் விதையாகிக் கெட்டுவிடுமாம், கண்டதும் பிடுங்கச் சொல்கிறது காகிதம். எங்கள் வீட்டு ஆண் செடி ஜெர்சி சிட்டியில் இருக்கிறது, பயமில்லை என்று லிண்டாவுக்கு எழுதிக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

உங்கள்
மணி


ஜெர்சி சிட்டி
ஏப்ரல் 2, 1998

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

செடி இருக்கட்டும். பெயரை மட்டும் எழுதாதே, புளிச்சகீரை என்றே எழுது. நானும் பவானிப் பக்கம் புகையிலைக் காட்டில் வளர்ந்தவன்தானே. நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை வெடிக்கும். தண்ணீரை அள்ளி ஊற்றாதே, விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் ஊற்று. ஆன்ட்டிக்குத் தொக்கு வேண்டுமென்றால் கடையில் நிஜமான கீரை வாங்கிக் கொடுத்துவிடு.

தரையில் படுக்காதே, மணி. யாரையாவது கூப்பிடு. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

உன்
வெள்ளியங்கிரி


ஃப்ரீமான்ட்
ஜூன் 21, 1998

என்னங்க,

அறுவடை முடிந்தது! பூ வைப்பதற்காக அலமாரியைப் பாதி நாள் இருட்டாக்கி, கதவிடுக்கில் உங்கள் பழைய வேட்டியைச் செருகிப் படாத பாடு பட்டேன். வெள்ளை வெள்ளையாக இருந்த பூமுடி பழுப்பானதும் லிண்டா வந்து வெட்டிக் கொடுத்தாள். காயவைத்து, இலையை நறுக்கி எடுத்தாயிற்று. அந்த இலையை நெய்யில் காய்ச்சிக் கொஞ்சம் சாப்பிட்டதற்கே அரை தோசை உள்ளே தங்கியது. அரை தோசை, தெரியுமா!

பூவெல்லாம் இப்போது கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. காகிதத்தின் கடைசிச் சொல் என்ன என்று நினைக்கிறீர்கள்? கியூர்! சில வாரம் பொறுமையாக இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று போட்டிருக்கிறது. குணமாகத்தானே போகிறது? ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டேன். இன்ஷூரன்ஸுக்காகத்தானே அங்கே இருக்கிறீர்கள்? இனி வந்துவிடலாம் இல்லையா?

உங்கள்
மணி


ஜெர்சி சிட்டி
ஜூன் 27, 1998

என் மணிக்கு,

என்ன காரியம் செய்திருக்கிறாய்?

கியூர் என்றால் அங்கே குணமாவது இல்லை, மணி. எங்கள் ஊரில் அதைப் பாடம் போடுவது என்பார்கள். காய்ந்த புகையிலையை அடுக்கி வைத்து, பச்சை வாடை போய் மணமும் காரமும் ஏறும் வரை பொறுத்திருப்போமே, அதுதான். பாடம் ஏறுவது இலைக்கு, உனக்கு இல்லை. உன் சந்தோஷத்தில் மண்ணைப் போடுகிறேன், திட்டு. ஆனால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அவர்களுக்குப் போன் செய்தேன். உன் சம்மதம் இல்லாமல் எதையும் சொல்ல மாட்டார்களாம். வீட்டுக்குச் செய்தால் நீ எடுப்பதில்லை.

இந்த வேலையை உனக்காகத்தான் வைத்திருக்கிறேன். அந்த மருந்தை நீ விட்டுவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இங்கே இருப்பேன்? உன் காலில் விழுகிறேன், போ.

உன்
வெள்ளியங்கிரி


ஃப்ரீமான்ட்
ஜூலை 3, 1998

என்னங்க,

காலில் விழாதீர்கள். என் காலில் இப்போது விழுகிற அளவுக்குச் சதை இல்லை.

மருந்தை நான் நிறுத்தவில்லை. அவர்கள்தான் நிறுத்தினார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனி ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வலியில்லாமல் இருங்கள் என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவர்களைத் தடுத்தேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன், அதனால் எடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். காயவைப்பது, நறுக்குவது, அதற்கடுத்து கியூர். மூன்றாவதும் ஜாடி வேலையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. டாக்டர் சொல்லாத சொல் இந்தக் காகிதத்திலாவது இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன். நீங்களும் அதையே நம்பி ஓடி வந்துவிட மாட்டீர்களா என்று ஆசை. நீங்கள் திருத்தி எழுதிவிட்டீர்கள்.

இனி இன்ஷூரன்ஸுக்காக அங்கே இருக்க வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும்.

ஜாடியைத் தினமும் ஒரு தடவை திறந்து காற்றுக் காட்டி மூட வேண்டும். நேற்றுவரை நான்தான் செய்தேன். இன்று மூடியைத் திருக முடியவில்லை, கையில் பலமில்லை. ராஜலக்ஷ்மி ஆன்ட்டி திறந்து கொடுத்துவிட்டு, "என்ன வாசனைடி இது, புளிச்சகீரை மாதிரியே இல்லையே" என்றார். இல்லை ஆன்ட்டி என்று மட்டும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பாடம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறக்க ஆள் இல்லை. வாருங்கள்.

உங்கள்
மணி