மயக்க டாக்டர் பட்டியலில் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, புது வீட்டில் தண்ணீர் ஒழுகியது நின்றதா. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று கண்ணைக் காட்டுவாள், என்னால் வாயைத் திறக்க முடியாது, அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தது உனக்குத் தெரியும். போவதற்கு முன் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒன்றுக்கு இரண்டு முறை போன் போட்டேன், ஆஸ்பத்திரி அவர்கள் பணம் கொடுக்கிற பட்டியலில் இருக்கிறது, ஆபரேஷன் செய்கிற டாக்டரும் இருக்கிறார் என்றார்கள், நம்பிப் போனோம். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு பில் வந்தது, என்னுடைய இரண்டு மாதப் பென்ஷன் அதில் போய்விடும். மயக்க மருந்து கொடுத்தவர் வெளியிலிருந்து வருகிறவராம், அவர் நம் கம்பெனியின் பட்டியலில் இல்லையாம். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை பாப்பா.

பில்லை மேஜைமேல் போட்டுவைத்தது என் தப்பு. அன்றிலிருந்து அம்மா வலிக்கிறது என்ற பேச்சையே விட்டுவிட்டாள். நாலாம் நாள் துணி மடிக்கும்போது அவள் பாவாடையில் மஞ்சளாக ஒரு கறை பார்த்தேன். தொப்புள் பக்கத்துத் தையல் சீழ் பிடித்திருக்கிறது, தானே பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்த்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "இதுக்கும் ஒரு காகிதம் வரும்ல" என்றாள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அன்றே கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நர்ஸ் காயத்தைச் சுத்தம் செய்யும்போது பில் கவுன்டரில் போய் நின்றேன். அங்கிருந்த பெண், "ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்குங்க, மயக்க டாக்டர்தான் இல்ல" என்றாள். "மயங்கிக் கிடக்கிறவ எழுந்து உட்கார்ந்து, நீங்க லிஸ்ட்ல இருக்கீங்களான்னு கேட்கணுமாம்மா?" என்றேன். சிரிக்கப்போனவள் அம்மா இருந்த அறையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள், 'இந்த டாக்டரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆஸ்பத்திரிதான் அனுப்பியது' என்று கம்பெனிக்கு எழுத்தில் முறையிடுங்கள் என்றாள். மூன்று முறை எழுதினேன், ஆறு வாரம் அலைந்தேன். நேற்றுத்தான் பில்லைத் தாங்களே கட்டுவதாக ஒத்துக்கொண்டு பதில் வந்தது. சந்தோஷம் வரவேண்டியது, களைப்புதான் வந்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்கிறாள், நம்புவதா வேண்டாமா தெரியவில்லை.

அதனால் பாப்பா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கட்டடத்தை மட்டும் கேட்காதே, மயக்கம் கொடுப்பவர், ரத்தம் பார்ப்பவர், ஸ்கேன் பார்ப்பவர் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். அவசரம் என்றால் எதையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் போ. போன வாரம் போனில் விடாமல் இருமினாய், கேட்டதற்கு ஒண்ணுமில்லப்பா என்றாய். அச்சாக அம்மா குரல். பில்லுக்குப் பயந்துகொண்டு போகாமல் இருக்கிறாயா? பில் வந்தால் எழுதிச் சண்டை போட அப்பா இருக்கிறேன், எனக்கு இப்போது பழகிவிட்டது. எங்கே வலிக்கிறது என்று மட்டும் மறைக்காமல் எழுது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். பதிலை எனக்கென்று தனித்தாளில் எழுதி, மடித்து ஒட்டி உள்ளே வை, தபாலை அம்மாதான் பிரிப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா