பாதி முதுகு, பாதி வயிறு

மார்ச் 9

சுண்டெலிக்கு அம்மா எழுதுவது.

நீ போய்ச் சேர்ந்த சேதி அப்பாவின் போனுக்கு வந்தது. போனில் பேசினால் உனக்கு அவசரம், அதனால் எழுதுகிறேன்.

நீ வரைந்த பூச்சிப் படம் ஒன்று என் தையல் மெஷின் மேலேயே கிடக்கிறது. இடது பாதியும் வலது பாதியும் ஒட்டவே இல்லையேடி. நான் ஒரு சட்டையை இப்படித் தைத்துக் கொடுத்தால் மூஞ்சியில் விட்டெறிவார்கள். இந்த மாவுப்பூச்சி நம் செம்பருத்தியிலும்தான் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்தால் போய்விடும். அதற்கு இத்தனை வருஷப் படிப்பா?

இந்தத் தடவை நீ சரியாகவே சாப்பிடவில்லை. கேட்டால் சிரிக்கிறாய். கூன் போட்டு உட்காராதே. அப்பா வழக்கம்போல எதற்கும் 'ம்' தான்.

அம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்துவிட்டாள். படம் தப்பில்லை. இடது பாதியில் முதுகு, வலது பாதியில் வயிறு. எங்கள் வழக்கம் அப்படி. நீ துணியை மடித்துப் போட்டுப் பாதிதானே வெட்டுகிறாய்? விரித்தால் முழுசு. அதே கணக்குதான்.

செம்பருத்திப் பூச்சி வேறு, என் பைன் மரத்துப் பூச்சி வேறு. மேலே இருக்கும் மாவெல்லாம் மெழுகு. அதை நீக்கி, சோப்புக் காய்ச்சும் காரம் கலந்த தண்ணீரில் சுடவைத்து, உள்ளே இருப்பதைக் கரைத்துவிட்டு, வெறும் தோலுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவேன். அப்போதுதான் ஓரத்தில் ஜோடி ஜோடியாய் முள், முதுகில் உதடு மாதிரிப் பிளவு, வயிற்றில் சல்லடைக் கண் போலத் துளைகள் எல்லாம் தெரியும். முதுகை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வயிற்றுத் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்லலாம்.

பெண் பூச்சியைத்தான் வரைவோம். ஆணுக்கு இறக்கை உண்டு, வாய் கிடையாது. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது கிடைத்திருப்பது இதுவரை யாரும் பார்க்காத இனமாக இருக்கலாம். முதுகை வரைந்துவிட்டேன். வயிறு பாக்கி. எனக்கு ஒன்றுமில்லை அம்மா, மரம் மரமாய் அலைந்த அலுப்புதான்.

உன் சுண்டெலி

ஜூலை 20

சுண்டெலி,

நீ செத்துப்போய் ஒரு மாசம் ஆகிறது. இதை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு வருஷமா வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தாளே, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பெற்றவள் நான், தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிவைத்தேன்.

நேற்று உன் மேடம் கூப்பிட்டார் என்று அப்பாவும் நானும் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். உன் மேசையில், வயிறு பாக்கி என்று நீ எழுதியிருந்த அந்தப் புதுப் பூச்சியின் படம் இருந்தது. இடது பாதியில் முள், மயிர் ஒன்று விடாமல் இருந்தது. வலது பாதியில் பென்சில் கோடு மட்டும்.

"பக்கத்து மேசைப் பொண்ணு மீதியை முடிப்பா. ரெண்டு பேர் பேரும் போடுவோம். மனசில்லேன்னா இப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் மேடம்.

நான் தாளை விடவில்லை. "அவ கை வேற, இவ கை வேற இல்லையாம்மா?" என்றேன்.

பக்கத்து மேசைப் பெண் என்னை அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ரோஸ் நிறத்தில் ஒரு தோல். நீ ஒட்டியதாம். முதுகு தெரிந்தது. அவள் மைக்ராஸ்கோப்பின் பக்கத்திலிருந்த திருகை லேசாய்த் திருப்பினாள். முதுகு கலங்கி மறைந்து வேறு என்னவோ வந்தது.

"இதுதாம்மா வயிறு."

"கண்ணாடியைத் திருப்பவே இல்லையே?"

"திருப்ப வேண்டாம்மா. உள்ளே எல்லாம் கரைச்ச வெறும் தோல்தானே, மேலேயிருந்தே தெரியும்."

தாளை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். நீ போன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"குடுத்துடு. வயித்தை வரையாம விட்டா அது எதுன்னே யாருக்கும் தெரியாம போயிடும்."

கொடுத்துவிட்டேன். செய்தது சரியா தப்பா, தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தத் திருகுதான் நினைப்பில்.

மார்ச் மாசம் வந்திருந்தபோது என் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தாயே. கூன் போடாதே, நிமிர்ந்து உட்காரு என்று நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய்.

அப்போதும் வலித்ததா?