கோமதிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து

ஜூன் 4, 1962. திங்கள்.
காலை முதல் சாரல். கொடியில் போட்ட சேலை மூன்று நாளாகக் காயவில்லை. பள்ளி திறப்பு. ஆறாம் வகுப்பில் 52 பிள்ளைகள், பெஞ்சு ஒன்பது.

வாங்க வேண்டியது: சிவப்பு மை, நல்லெண்ணெய், இவருக்குப் பனியன்.

தையல் டீச்சர் கோமதி மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. "அக்கா, ஒரு கையெழுத்து வேணும்" என்றாள். வீடு கட்டும் சங்கத்தில் அவள் கேட்ட மூவாயிரம் ரூபாய்க் கடன் எட்டு மாதம் கழித்து மஞ்சூராகிவிட்டது. ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவள் அண்ணன், பலசரக்குக் கடைக்காரர். இன்னொருவர் சம்பளக்காரராக இருக்க வேண்டும். சரி என்று சொல்லியிருந்த கணக்கு சாருக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து மனு.

"போடுதேன்ட்டி, சாப்பிடு" என்றேன். யோசிக்கவில்லை. புருஷன் போய் மூன்று வருஷம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை பதினைந்து கொடுக்கிறாள். மாதம் இருபத்திரண்டு கட்டினால் சொந்த வீடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 6. புதன்.
சாரல் விட்டு விட்டு. சேலை காய்ந்தது.

இவரிடம் சொன்னேன். ரயிலடியில் சரக்கு எண்ணி எண்ணி எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற மனுஷர்.
"எவ்வளவுக்கு ஜாமீன்?"
"மூவாயிரம். ரெண்டு பேரு. எனக்குப் பாதிதான்."
"பாதின்னு எங்கன எழுதியிருக்கு?"

கோமதி கொடுத்திருந்த மாதிரிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். 'ஜாமீன்தாரர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு.' உம் இரண்டும் எண்ணும்மை. சேர்ந்தும் பொறுப்பு, அவரவர் பங்குக்குத் தனித்தனியாகவும் பொறுப்பு என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். "தமிழ் டீச்சர் சொன்னா சரிதான்" என்று வெற்றிலையை மடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 9. சனி.
சங்க ஆபீஸ். கோமதியும் அவள் அண்ணனும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அண்ணன் போட்டுவிட்டுக் கடை திறக்க ஓடினார்.

நான் பேனாவை வாங்கிக்கொண்டு, "என் பங்கு ஆயிரத்தைந்நூறுன்னு ஒரு வரி சேத்துரலாமே" என்றேன். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா, இதுல பங்கே கிடையாது. இவங்க கட்டலைன்னா முழுசையும் உங்ககிட்டயே கேப்போம். அண்ணாச்சிகிட்டயும் முழுசும் கேப்போம். யாருகிட்ட சுளுவாக் கிடைக்கோ அங்க. கடைக்காரரவிட சம்பளக்காரங்கதான் எங்களுக்குச் சுளுவு."

காதெல்லாம் சூடாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக உம்மைப் பாடம் நடத்துகிறேன். ஒரு குமாஸ்தாவிடம் பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

கோமதி முகம் செத்துவிட்டது. "அக்கா, வேண்டாம்னா சொல்லிருங்க. ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

உட்கார்ந்து கேட்டேன். எத்தனை தவணை தவறினால் என்னிடம் வருவீர்கள்? மூன்று. முன்கூட்டிக் கடிதம் வருமா? வரும். எப்படிப் பிடிப்பீர்கள்? மாதாமாதம் தவணைத் தொகையைச் சம்பளத்தில். இடையில் நான் விலக முடியுமா? முடியாது, பதிலுக்கு இன்னொரு சம்பளக்காரர் வந்தால் ஒழிய. எத்தனை வருஷம்? இருபது. எனக்கு அப்போது அறுபத்தொன்று. மலைப்பாகத்தான் இருந்தது.

என் சம்பளம் 140. 22 போனால் 118. அரிசி வாங்கலாம், பனியன் வாங்கலாம், செத்துப்போக மாட்டோம். போட்டேன். மூன்று இடத்தில், இனிஷியலோடு, தெளிவாக.

வீட்டில், "பாதி இல்ல, முழுசுக்கும்" என்றேன்.
"தெரிஞ்சுமா போட்ட?"
"தெரிஞ்சுதான். அவ கட்டுவா."
சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். போகட்டும்.

ஜூலை 10. செவ்வாய்.
நல்ல காற்று. முதல் தவணை. கோமதி தானாகவே ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அஸ்திவாரம் தோண்டியாயிற்றாம்.

ஜூலை 22. ஞாயிறு.
குற்றாலம். அருவியில் கூட்டம், கண் சிவக்கக் குளித்தேன். நாத்தனார் சீப்பைத் தொலைத்தாள்.

கடைத்தெருவில் கோமதியும் பிள்ளைகளும். கையில் மங்குஸ்தான் ஒரு டஜன். பிள்ளைகளுக்குப் புது வளையல், புது ரிப்பன். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். நாலு ரூபாய்க்குக் குறையாது. "என்னட்டி, கை தாராளமா இருக்கு?" என்று கேட்டும் விட்டேன். பழத்தை நீட்டிய சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். கோமதி சிரிக்கவில்லை.

ஜூலை 24. செவ்வாய்.
வானம் மூடாக்கு. தலைவலி.

டீச்சர்கள் அறையில் கோமதி நேராக வந்தாள்.
"அக்கா, நீங்க ஜாமீன் நின்னது கடனுக்கு. எம் பிள்ளைங்க பழம் திங்கதுக்கு இல்ல."
"நீ கட்டலைன்னா எஞ் சம்பளம்லா போவும்" என்றேன். சத்தமாக. ஐந்து டீச்சர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவள் வீட்டுக்கு யார் ஜாமீன் என்று.

அவள் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். மதியம் முழுக்க என் வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டது. வெட்கமாக இருக்கிறது. பணம் போனால்கூட இப்படி இருந்திருக்காது. பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவள்.

ஜூலை 27. வெள்ளி.
மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் எனக்கு. கேட்டேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். இவரிடம் எல்லாம் சொன்னேன். "அவ கட்டுவான்னு நீதான சொன்ன" என்றார்.

ஆகஸ்ட் 10. வெள்ளி.
வெயில். காலாண்டுப் பாடத்திட்டம் எழுதி முடிக்கவில்லை. கொத்தமல்லி, சீரகம்.

இரண்டாம் தவணை நாள். மதியம் கோமதி பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டதாம். கொத்தனார் சரியில்லையாம். ரசீது எங்கே என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.