தவளைக்குப் பின்னால் வயல்

அன்புள்ள உங்களுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மஹிமா இப்போதுதான் தூங்கினாள். காளி பூஜை சமயம், இங்கே லேக் மார்க்கெட்டில் விளக்கு எரியும் இடமெல்லாம் வங்காளிகள் சொல்லும் ஷ்யாமா போகா. நெல்லைக் கெடுக்கும் அதே பச்சைத் தத்துப்பூச்சிதான். பால்கனி விளக்கை அணைக்க இவள் விடவில்லை. "எரியட்டும்மா. எல்லாப் பூச்சியும் இங்கயே வந்துட்டா அப்பா வயலுக்குப் போகாதுல்ல?" என்கிறாள். எதிர்வீட்டுக் காக்கிமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்காக நீங்கள் அனுப்பிய தவளைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கைக்குப் பின்னால் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்திருக்கிறது. விலங்கியல் படித்தவளுக்குப் புகையான் பூச்சி விழுந்த வயல் தெரியாதா? போனில் கேட்டால், "பச்சைப்பசேல்னு இருக்கும்மா" என்கிறீர்கள்.

பாங்க் வேலையை விட்டு மன்னார்குடிக்குப் போனதை நான் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. இனியும் மாட்டேன்.

மிஞ்சிய பயிரிலிருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இனி யூரியா போட வேண்டாம், பூச்சி இன்னும் பெருகும். வாங்கிய பூச்சிமருந்தில் மீதி இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தனியாகப் படுக்கும் வீட்டில் அது இருக்க வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

இங்கே ஒரு பள்ளியில் எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. இந்த வருஷம் விளையாவிட்டால் போகட்டும். அரிசி எப்படியும் கடையில்தானே வாங்குகிறோம். உங்களைத்தான் வாங்க முடியாது.

போனில் பேசினால் சிரித்துச் சமாளித்துவிடுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி